அக்காவின் கையில் என் விரல் தடம்

மதுரை ஆஸ்பத்திரி வார்டில் அக்காவை விட்டுவிட்டு மேலூர் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். அக்காவின் கணவரான மச்சானிடமும் சொல்லவில்லை. எழுபதுகளின் கடைசி அது. எட்டாவதோடு பள்ளியை விட்டு ஊர் ஊராகத் திரிந்தவன் நான். பல இடங்களிலிருந்து சொல்லாமல் கிளம்பியிருக்கிறேன். முகம் காட்ட முடியாமல் கிளம்பியது அன்றுதான்.

எங்கள் அக்கா கொட்டாம்பட்டிப் பக்கம் பிறந்தவர். அப்பா இறந்தபின் களையெடுக்கப் போய் எனக்குச் சோறு போட்டவர். ஒத்தக்கடையில் அரிசி ஆலைத் தொழிலாளியான மச்சானுக்கு வாழ்க்கைப்பட்டார்.

ஆறு மாதம் கழித்து ஒருமுறை பார்க்கப் போனேன். அக்காவின் கையும் காலும் நீலநீலமாகக் கன்றியிருந்தன.

"அவரு அடிக்கலடா. தானா வருது."

"புருசனக் காப்பாத்துறியாக்கும்?"

நேராக ஆலைக்குப் போய், எல்லார் முன்னாலும் மச்சானின் சட்டையைப் பிடித்தேன். "பொம்பளைய அடிக்கிற நீயெல்லாம் ஆம்பளையா?" என்று கத்தினேன். பிறகு அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து ஊருக்குப் பஸ் ஏற்றினேன். மறுநாள் அவர் முன்கையில் நான்கு விரல் தடம் நீலமாகக் கிடந்தது. என் விரல்கள். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. தேடிவந்த மச்சானை வாசலோடு துரத்தினேன். பத்தாம் நாள் அக்காவின் பல் ஈறிலிருந்து ரத்தம் நிற்காமல் வழிந்தது. அம்மாதான் மச்சானுக்கு ஆள் அனுப்பினார். அவர் வந்து மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

ரத்தத்தையும் எலும்பு மஜ்ஜையையும் சோதித்தபின் டாக்டரம்மா சொன்னார்: "ரத்தத்த உறைய வைக்கிற தட்டணுக்கள இவங்க உடம்பே எதிரின்னு நெனச்சு அழிக்குது. யாரும் அடிக்க வேணாம், லேசாப் பிடிச்சாலே தடம் விழும். முன்னாடியே வந்திருக்கணும்." மஞ்சளாக மங்கியிருந்த தடத்தைக் காட்டி, "இது யாரு பிடிச்சது?" என்றார்.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "ஞாபகமில்லைங்க" என்றார். நானும் வாயைத் திறக்கவில்லை. அங்கிருந்துதான் நடந்தேன்.

ஒத்தக்கடைக்குச் சற்று முன்னால், பின்னால் சைக்கிள் மணி கேட்டது. மச்சான்.

"எங்க மாப்ள போற? கோவிச்சுக்கிட்டுப் போக வேண்டியவன் நான்ல?"

நான் நடந்துகொண்டே இருந்தேன். அவர் இறங்கிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு கூடவே வந்தார்.

"ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பிச்சாச்சு. கேக்கலேன்னா மண்ணீரல எடுக்கணுமாம். நான் கூட இருக்கணும். எனக்கு மாத்தாளா நீ போய் நிக்கலேன்னா ஆலையில என் எடம் போயிரும்."

"அங்க நான் எப்பிடிப் போவேன் மச்சான்?"

"நடந்துதான். இம்புட்டுத் தூரம் நடந்துட்ட, இன்னும் ரெண்டு பர்லாங்குதான்."

மாத்திரையால் அக்காவின் முகம் ஊதியது. கடைசியில் மண்ணீரலை எடுத்தார்கள். அக்கா தேறினார். இரண்டு பிள்ளைகளைப் பெற்றுப் பள்ளிக்கு அனுப்பினார். சென்ற ஆண்டு திடீர்க் காய்ச்சலில், மச்சான் கையைப் பிடித்தபடியே கண்மூடினார். அந்த ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுத்த முகம் தெரியாதவர்களையும், அந்த டாக்டரம்மாவையும், இந்த ஓராண்டு எங்களோடு நின்ற உறவுகளையும் கைகூப்பி வணங்குகிறேன். அந்தத் தடத்துக்காக அக்காவிடம் நான் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அன்று மேலூர் ரோட்டில் மச்சான் என்னைப் பிடித்த மறுநாள், விடிந்ததும் ஆலைக்குப் போனேன். களத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"என்னப்பா, இன்னிக்கு யாரு சட்டையப் பிடிக்க வந்த?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"மச்சான் அடிக்கல. அக்காவுக்கு ரத்தத்துல வியாதி. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

"பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல" என்றார் மேஸ்திரி.

மறுபடி சொன்னேன். நெல் தள்ளும் பலகையை என் கையில் கொடுத்தார். மச்சான் வரும்வரை அந்தக் களத்தில் அவருடைய வேலையைப் பார்த்தேன்.