குணம் அண்ணை கீறிவைத்த மைதானம்

டிராம் விம்பிள்டனை விட்டுப் புறப்பட்டுச் சிறிது நேரத்தில், உடம்பு முடியாமல் படுத்திருந்த குணம் அண்ணையின் மனைவி பவானி அக்காவின் அழைப்பு வந்தது. காலை வேளையில் அவர் ஒருபோதும் அழைப்பதில்லை. பெயரைக் கண்டதுமே எனக்கு விளங்கிவிட்டது.

"தம்பி, அண்ணை போயிட்டார். ஏழு மணி பன்னிரண்டு நிமிசம். அவர் கேப்பார் எண்டு மணிக்கூட்டைப் பாத்து வைச்சனான்."

அதைச் சொல்லி முடித்த பிறகுதான் அவர் அழத் தொடங்கினார். குரோய்டனில் இறங்கவேண்டிய நான் இறங்க மறந்து கடைசித் தரிப்புவரை போய்விட்டேன்.

லண்டனில் நமது பழைய மாணவர் கிரிக்கெட் போட்டிகளில் ஒரு நாளாவது மட்டை பிடித்தவர்களுக்கு 'ஸ்கோர்' குணம் அண்ணையைத் தெரியாமல் இருக்காது. எல்லைக்கோட்டுக்கு வெளியே ஒரு மடிப்புக் கதிரை, மடியில் ஸ்கோர் புத்தகம், காதில் செருகிய பென்சில். வேலையும் அவருக்கு ஏற்றதாகவே வாய்த்தது. பஸ் தரிப்பிடத்தில் நின்று எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதும் உத்தியோகம். பென்ஷன் எடுத்த பிறகும் பஸ் பிந்தினால் கையைத் திருப்பி நேரத்தைப் பார்த்துக்கொள்வார்.

நான் அவரோடு முதலில் பழகியது சண்டையில்தான். ஒரு போட்டியில் நான் ஐம்பது ஓட்டம் எடுத்தேன் என்று கையை உயர்த்தி, மட்டையை உயர்த்தி, மனைவிக்கும் காட்டியாகிவிட்டது. முடிந்து வந்து பார்த்தால் புத்தகத்தில் நாற்பத்தொன்பது. ஓர் ஓட்டம் மட்டையில் பட்டதல்ல, காலில் பட்டுப் போனதாம். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "அண்ணை, எனக்குத் தெரியாதோ? என்ரை மட்டை, என்ரை கை" என்று கத்தினேன். அவர் நிமிரவே இல்லை. "ஞாபகம் எப்பவும் எங்கடை பக்கம்தான் கதைக்கும் தம்பி. பென்சில் கதைக்காது" என்றார். பிறகு பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். "நாப்பத்தொன்பதும் நல்ல எண்தான். வடையைச் சாப்பிடும்." கோபத்தோடுதான் சாப்பிட்டேன். வடை நன்றாக இருந்தது.

அவரிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. யாராவது பிடியைத் தவறவிட்டால் அந்தப் பந்துக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போடுவார். பந்து போட்டவன் செய்த வேலை வீணாகப் போகக்கூடாது என்பது அவர் நியாயம். யார் விட்டது என்பதையும் அருகில் எழுதுவார். ஆனால் யாரையும் காட்டிக்கொடுத்ததில்லை. "தன்ரையைத் தானே வந்து கேட்டாக் காட்டுவன். கேளாத ஆளுக்கு நான் ஏன் காட்ட?" என்பார். இந்த வழக்கத்தின் முழு அர்த்தம் எனக்கு விளங்கப் பல வருடங்கள் ஆயின. அதைச் சொல்லத்தான் இந்த அஞ்சலியை எழுதுகிறேன்.

என் மகள் ஆரணி பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படித்தபோது அமெரிக்கன் ஃபுட்போல் ஆடத் தொடங்கியிருந்தாள். பெண்கள் அணி. ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். ஆளை விழுத்துவதில்லை, இடுப்பில் தொங்கும் நாடாவை இழுத்தெடுத்தால் ஓடுபவர் நின்றுவிட வேண்டும். ஆரணி குவாட்டர்பேக். முட்டை வடிவப் பந்தைக் கையில் வாங்கி, தன் அணியில் யார் மறிப்பாரின்றி நிற்கிறார் என்று ஒரு கணத்தில் பார்த்து, அவரிடம் எறிய வேண்டியவள். அணியின் கதை முழுவதும் அவள் கையில்தான்.

அந்தக் கை சரியில்லை என்றார் பயிற்சியாளர். எறிந்த பந்துகளில் எத்தனை தன் அணியின் கையில் சேர்ந்தன என்று அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். ஆரணியின் கணக்கு பாதிக்கும் கீழே. இடப்பக்கம், வலப்பக்கம் என்று பிரித்தாலும் இரண்டிலும் ஒரே அளவு பிழை. நம்ப முடியாத கை என்று எழுதிவிட்டார். பருவத்தின் கடைசிப் போட்டிக்குள் எண்கள் ஏறாவிட்டால் அவளுடைய இடம் வேறொரு பிள்ளைக்குப் போய்விடும். ஆரணி வீட்டில் பேச்சைக் குறைத்துவிட்டாள். பின்வளவு வேலியில் ஒரு பழைய துவாயைத் தொங்கவிட்டு அதற்கே எறிந்துகொண்டிருந்தாள். வேலியின் இரண்டு பலகைகள் உடைந்தன.

எனக்கு உடனே தோன்றியது, எங்கள் தமிழ்ப் பிள்ளை என்றபடியால்தான் இப்படிச் செய்கிறார்கள் என்பது. பல்கலைக்கழகத்துக்கு ஒரு முறைப்பாட்டுக் கடிதம் எழுதினேன். அதற்கு எண்களால் முட்டுக் கொடுக்க ஆள் தேவைப்பட்டது. கடிதத்தைக் குணம் அண்ணையிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார்.

"நல்லா எழுதியிருக்கிறீர். ஆனா அனுப்பிறதுக்கு முதல் எண்ணுவம்" என்றார்.

முதல் நாள் கிரிக்கெட் ஸ்கோர் புத்தகத்தோடுதான் வந்தார். அணிக்கு நான்கு வாய்ப்புகள் என்றதும், "சரி, நாலு பந்து ஓவர்" என்று தலையாட்டினார். ஆரணி எறிந்த பந்து ஒன்றை எதிரணிப் பிள்ளை பாய்ந்து பிடித்தாள். ஆரணி வெளியே வந்தாள். "அவுட்" என்று முறைப்படி எழுதிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவள் மறுபடி உள்ளே போனபோது அவருக்கு வந்த ஆத்திரத்தைப் பார்க்கவேண்டும். "அவுட்டான ஆள் திரும்ப வாறா. அம்பயர் பாத்துக்கொண்டு நிக்கிறான்" என்று எழும்பிவிட்டார். கையைப் பிடித்து இருத்தினேன். அடுத்த போட்டிக்கு அந்தப் புத்தகம் வரவில்லை. பவானி அக்கா கேக் தட்டில் விரிக்கும் மெல்லிய ஒயில் பேப்பரை வெட்டி, அதில் மைதானத்தைக் கீறிக்கொண்டு வந்தார்.

அதன்பின் நான்கு போட்டிகள் வந்தார். மைதானத்தின் முனையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருப்பார். நான் எல்லைக்கோட்டில் நிற்பேன். நிற்பேன் என்பது சரியான சொல் அல்ல. கோட்டோடு ஓடுவேன், மகளுக்கு வழி சொல்லுவேன், "எறி, எறி, இப்ப எறி" என்று என் தொண்டை கிழியும். அதற்குப் பெயர் உற்சாகம் கொடுப்பது என்று நினைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வரச் சொன்னார். குசினி மேசையில் தேநீர். அவர் நான்கு தாள்களையும் எடுத்துக்கொண்டு யன்னலடிக்குப் போனார். கையில் சேர்ந்த பந்துக்குக் கோடு, சேராததற்குப் பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி, பிடிக்கவேண்டியவள் கைக்குள் வாங்கித் தவறவிட்டதற்கு அந்தப் பழைய சின்ன வட்டம். முதல் இரண்டு தாள்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக யன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்தினார். வெளிச்சத்தில் எல்லாம் ஒன்றாகத் தெரிந்தன. புள்ளடிகள் முழுவதும் மைதானத்தின் ஒரே கரையில், கார்கள் நிறுத்தும் பக்கமாகக் குவிந்து கிடந்தன.

"கோச் பிள்ளையின்ரை தோளிலை இருந்து எண்ணியிருக்கிறார். இன்டர்வெலுக்குப் பிறகு பக்கம் மாறும். இடது வலதாப் போகும். அதாலை ரெண்டு பக்கமும் பிழை எண்டு அவருக்குத் தெரியுது. நான் ஆளை வைச்சுக் கீறேல்லை. கிறவுண்டை வைச்சுக் கீறினனான்."

மூன்றாவது தாளைக் காட்டினார். புள்ளடிகள் கொஞ்சம்தான், அவையும் எங்கும் பரவியிருந்தன. அன்று எனக்கு ஷிப்ட், நான் போகவில்லை. நான்காவது தாளில் குவியல் மறுகரைக்குத் தாவியிருந்தது. அன்று கண்ணில் வெயில் அடிக்கிறது என்று நான் மறுகரைக்கு மாறியிருந்தேன். அப்போதுதான் கோட்டோரத்தில் பென்சிலால் எழுதியிருந்த சின்ன 'அ'வைக் கண்டேன். அப்பா. குவியல் இருந்த கரையில் எல்லாம் அந்த 'அ' இருந்தது.

"என்ரை பிள்ளையை நான்தான் கெடுக்கிறன் எண்டு சொல்லுறியளோ?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை. எழுதினனான். வேணுமெண்டால் அழிக்கலாம், ரப்பர் இருக்கு. ஆனா நீர் நிண்டது நிண்டதுதான்."

தேநீரைத் தொடாமல் எழுந்து வந்தேன். பவானி அக்கா வாசலில் ஏதோ கேட்க, காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு நடந்தேன். பெற்ற மகளுக்குத் தடையாக நிற்கிறாய் என்று ஒருவர் தாளில் கீறிக் காட்டினால் எந்த மனிதனுக்குத்தான் பொறுக்கும்? வீட்டுக்குப் போய்க் கடிதத்தைக் கிழித்தேன். ஆரணியிடம், கடைசிப் போட்டியன்று எனக்கு ஷிப்ட் என்றேன். "பரவாயில்லை அப்பா" என்றாள். அவள் தோளின் இறுக்கம் சற்றுத் தளர்ந்ததைக் கண்டேன். அது யன்னல் கண்ணாடியில் கண்டதைவிட வலித்தது.

ஆனாலும் போனேன். மனம் கேட்கவில்லை. மைதானத்தோரம் நின்ற தேநீர் வண்டிக்குப் பின்னால் திருடனைப்போல ஒளிந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு பார்த்தேன். என் மகள் அன்று எறிந்ததைப்போல அதற்குமுன் எறிந்து நான் கண்டதில்லை. அந்தப் போட்டியில் அவர்கள் தோற்றார்கள். ஆனால் அவளுடைய இடத்தைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை. யாரும் காண்பதற்குள் டிராமைப் பிடித்து வீட்டுக்கு வந்து, மாலையில் அவள் முழுக் கதையையும் சொல்லச் சொல்ல ஒன்றும் அறியாதவன்போலக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான் இல்லாவிட்டால் அவளுக்கு நல்லது. அன்று நான் போட்ட கணக்கு அது. அதனால் இந்தப் பருவத்தில் இதுவரை நான் ஒரு போட்டிக்கும் போகவில்லை. உடம்பு முடியாமல் படுக்கும்வரை குணம் அண்ணை மட்டும் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்வந்தார். ஒவ்வொரு முறையும் அழைப்பார். "ஞாயிற்றுக்கிழமை மட்ச். வாரும்." எனக்கு ஷிப்ட் என்பேன். "கடைசி மட்ச் தாள் ஒண்டு என்னட்டைக் கிடக்குது" என்று ஒரு நாள் சொன்னார். நான் கேட்கவில்லை. காலநிலையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டோம்.

போன கிழமை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு பவானி அக்கா ஒரு பெரிய கடித உறையைத் தந்தார். மேலே அவருடைய கையெழுத்தில் 'ஆரணி'. உள்ளே அவள் ஆடி அவர் கீறிய எல்லாப் போட்டிகளின் தாள்களும். அந்தக் கடைசிப் போட்டியின் தாளைத் தேடி எடுத்தேன். மைதானத்துக்கு வெளியே ஒரு சின்னப் பெட்டி கீறி, 'தேத்தண்ணி' என்று எழுதியிருந்தார். பெட்டிக்குப் பின்னால் ஓர் 'அ'. அதற்குப் பக்கத்தில் இரண்டே சொற்கள்: 'நிக்கிறார். சத்தமில்லை.'

அந்தக் கரையில்தான் கோடுகள் அதிகம். புள்ளடி ஒன்றுகூட இல்லை.

ஒரு சொல் கேட்டிருந்தால் காட்டியிருப்பார். அதுதான் என் நெஞ்சை அறுக்கிறது. பிழை நான் நின்றதில் இல்லை, என் சத்தத்தில்தான் என்று அறியாமல் ஒரு பருவத்தை வீணாக்கினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கக்கூடிய ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்து.

இந்த அஞ்சலியைப் பழைய மாணவர்களாகிய உங்களுக்கு அனுப்புவதற்கு முன் ஆரணியிடம் தாளைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அந்தப் பெட்டியின்மேல் விரலை வைத்தாள்.

"இது எனக்குத் தெரியும் அப்பா. வண்டிக்குக் கீழால உங்கட சப்பாத்து தெரிஞ்சது. அந்த பிரவுண் சப்பாத்து."

"பிறகு ஏனம்மா ஒரு நாளும் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே."

குணம் அண்ணையிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஓர் ஒயில் பேப்பர் தாளும், நாற்பத்தொன்பது என்ற எண்ணும். இன்னும் ஒன்றும் இருக்கிறது. நேற்றுப் பவானி அக்காவின் வீட்டுக்குப் போய் அந்த மடிப்புக் கதிரையைத் தரமுடியுமா என்று கேட்டேன். "இவ்வளவு நாளும் கேப்பீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்" என்று எடுத்துத் தந்தார். அதன் பையில் அவருடைய பென்சில் இருந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை ஆரணிக்கு மட்ச். நான் எங்கே கதிரையைப் போட்டு இருக்கட்டும் என்று அவளிடம் கேட்டேன். இடம் சொல்லியிருக்கிறாள்.