இலாகா பெயர் இல்லாத பலகை

நான் எழுதிய பலகைகளில் இலாகா பெயர் இல்லாத அரசாங்கப் பலகை ஒன்றுதான். பச்சைத் தகரத்தில் வெள்ளை எழுத்து: "பறவைகள் குஞ்சு பொரிக்கும் இடம். மரம் வெட்டக் கூடாது." எழுபதுகளின் கடைசியில், திருத்தணியில் பஸ்ஸுக்கும் கடைக்கும் ஆபீசுக்கும் நான் பெயர் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், நர்சம்மா எழுதச் சொன்னது.

பிரசவம் பார்க்கச் சைக்கிளில் ஊர் ஊராகப் போகிறவர் நர்சம்மா. கனகம்மாசத்திரம் பக்கத்து ஏரியில், மதகுக்கு எண் எழுதப் போனபோது பழக்கம். ஏரி நடுவே ஒரு திட்டு. மொட்டையாகக் கிடந்ததில் அரசாங்கம் கருவேலங்கன்று நட்டு, பத்து வருஷத்தில் காடாகியிருந்தது. ஒரு பக்கம் விரிசல் விட்ட பைனாகுலரை என்னிடம் நீட்டினார். நத்தைக்குத்தி நாரைக் குஞ்சு ஒன்று கிளை நுனியில் நின்று சிறகை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன்பின் வாரம் தவறாமல் நானும் கரைக்குப் போனேன். வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

ஒரு தை மாதம், அந்த மரங்கள் ஏலம் போனதாகச் செய்தி வந்தது. குஞ்சுகள் பறக்க இன்னும் சில வாரங்கள் வேண்டும். நர்சம்மா கொடுத்த மனுவை ஆபீசில் வாங்கி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். மறுநாள் என் கடையில் தகரத்தைக் கொண்டுவந்து போட்டார். "கவர்மெண்டு பலகை மாதிரியே எழுதிக் குடுங்க." மாட்டிக்கொண்டால் என் பிழைப்புப் போய்விடும் என்றேன். "பயமா இருந்தா பிரஷ்ஷக் குடுங்க, நானே எழுதிக்கறேன்." அவர் எழுத்தின் லட்சணம் எனக்குத் தெரியும், பார்த்தவுடன் குட்டு உடைந்துவிடும். நானே எழுதினேன்.

முழங்கால் தண்ணீரில் இறங்கிய வெட்டுக்காரர்கள், திட்டில் பலகையைக் கண்டதும் கோடாலியோடு திரும்பிவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து அவர்களை அழைத்துக்கொண்டு, ஏலம் விட்ட அதிகாரியே ஜீப்பில் வந்தார். கரையில் நாங்கள் இருவரும் பறவை பார்த்துக்கொண்டிருந்தோம்.

"யார் வெச்சது இது?"

"நான்தாங்க வெச்சேன். அங்க பிரசவம் நடந்துகினு இருக்குது. முடியற வரைக்கும் ஆம்பளைங்க வெளிய நில்லுங்க," என்றார் நர்சம்மா, பிரசவ வீட்டு வாசலில் சொல்லும் அதே குரலில்.

அதிகாரி என்னைப் பார்த்தார். "எழுத்து உன்னுதுதானே?"

"ஆங், என்னுதுதாங்க." என் குரல் நடுங்கவில்லை. இன்றைக்கும் எனக்கு அதில் பெருமைதான்.

பலகையைப் பிடுங்கச் சொன்னார். வெட்டுக்காரர்களில் பாதிப் பேரின் பிள்ளைகள் நர்சம்மா கையில் பிறந்தவை. ஒருவரும் தண்ணீரில் இறங்கவில்லை.

எனக்கு அரசாங்க வேலை நின்றது. நர்சம்மாவுக்குத் தொலைவில் எங்கோ மாற்றல். போகிற அன்று பைனாகுலரில் ஒவ்வொரு கூடாகப் பார்த்தார். எல்லாம் காலி, குஞ்சுகள் பறந்திருந்தன. மரங்களைப் பிறகு வெட்டத்தான் வெட்டினார்கள். உதிர்ந்த விதை முளைத்து மறுபடியும் காடாயிற்று, நாரையும் வந்தது.

பலகைக்கு ஒவ்வொரு தை மாதமும் நான்தான் வர்ணம் பூசுகிறேன். இப்போது வயதாகிவிட்டது. இந்த வருஷம் அடியில், இலாகா பெயர் வரவேண்டிய இடத்தில், நிதானமாக எழுதினேன்: "உத்தரவுப்படி, நர்சம்மா."