ரயிலடி முக்கில் என் படம்

வியாழக்கிழமை என்றால் நான் குரு பகவானுக்கு விளக்குப் போடப் போகிறவள். வீட்டுக்காரருக்கு அப்படித்தான் தெரியும். உரக்கடை வியாபாரம் பெருகும் என்று அவரே வாயால் சொல்லி அனுப்பியதுதான் அது. விளக்கை ஏற்றிவிட்டு, கையில் கொண்டைக்கடலைப் பிரசாதத்தோடு, அடுத்த தெருவில் இருந்த கிளை நூலகத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போவேன்.

அங்கே குழந்தைகள் பகுதியில், முழங்கால் மோவாயில் இடிக்கிற குட்டி நாற்காலியில் ஒரு அக்கா உட்கார்ந்திருப்பார். தஞ்சாவூரில் இருக்கும் ஒரு பெண்கள் அமைப்பிலிருந்து வருகிறவர். வீட்டில் அடி வாங்குகிறவள் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறினால் ஊரே பார்க்கும். நூலகத்துக்குள் நுழைந்தால் யார் பார்க்கப் போகிறார்கள்? நூலகரம்மாவும் அந்த அமைப்பும் சேர்ந்து செய்த ஏற்பாடு. வாசகர் வட்டத்துக்காரர்களுக்குக்கூடத் தெரியாது.

முறை வரும்வரை ஏதாவது புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். முதலில் சும்மாதான் விரித்தேன். போகப் போகப் படிக்கவே ஆரம்பித்துவிட்டேன். சில வாரம் அக்கா கூப்பிடுவதே காதில் விழாது. "உன் கதையைச் சொல்ல வந்தியா, ஊரார் கதையைப் படிக்க வந்தியா?" என்று கேலி செய்வார்.

குறுவை அறுப்பு முடிந்த சமயத்தில் எல்லாம் தயாராகிவிட்டது. வருகிற வியாழக்கிழமை மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துக்கொண்டு நேரே நூலகம் வர வேண்டும். அங்கிருந்து அக்கா எங்களைக் காப்பகத்துக்குக் கூட்டிப்போவார். அவ்வளவுதான் பாக்கி.

புதன்கிழமை ரயிலடி முக்கில் ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். 'சிறந்த வாசகி' என்று ஆள் உயரத்துக்கு என் படம். ஞாயிற்றுக்கிழமை பாராட்டு விழாவாம். வாசகர் வட்டச் செயலாளர், ரிட்டயர்டு வாத்தியார், நான் குனிந்து படிப்பதை எப்போதோ செல்போனில் எடுத்து வைத்திருக்கிறார். நூலகரம்மாவிடம்கூடச் சொல்லவில்லை, எல்லோருக்கும் ஆச்சரியமாக இருக்கட்டும் என்று. நல்ல மனுஷர். அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை, வயிற்றெரிச்சல் அடங்கவும் இல்லை.

வீட்டுக்காரர் சாயங்காலம் வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மெதுவாகத்தான் கேட்டார்.

"குரு பகவான் எப்போலேர்ந்து லைப்ரரிக்குக் குடிபோனாரு?"

"படிக்கத்தாங்க போனேன்" என்றேன். நம்பினாரா, தெரியாது. அன்றைக்கு அடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் காயமில்லாத முகத்தோடு மேடையில் நிற்க வேண்டுமே. மறுநாள் வியாழக்கிழமை அவர் கடையே திறக்கவில்லை. நாள் பூராவும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

விழாவில் எனக்குப் பொன்னாடை, அவருக்கும் ஒன்று. "நான்தாங்க படி படின்னு சொல்லிக்கிட்டே இருப்பேன்" என்று மைக்கில் பேசினார். ஜனங்கள் கை தட்டினார்கள். எனக்காக அதுவரை யாரும் கை தட்டியதில்லை. ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது பாருங்கள், அதை நினைத்தால்தான் மனசு ஆறமாட்டேன் என்கிறது.

அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் அவரே பைக்கில் கொண்டுவந்து விட்டார். விட்டுவிட்டுப் போனால் பரவாயில்லை. மெம்பராகி, பேப்பர் மேஜையில் குழந்தைகள் பகுதியைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார். ஒரு ஆம்பிளை அங்கேயே கண் வைத்திருந்தால் எந்தப் பொம்பளை வருவாள்? கொஞ்ச நாளில் அக்காவும் வருவதை நிறுத்திவிட்டார். கைக்குழந்தையோடு வந்துகொண்டிருந்த பாய் வீட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். பேசிக்கொண்டதில்லை, பார்த்தால் சிரிப்போம். அவள் என்ன ஆனாளோ, பாவம்.

நான் வெளியே வர இன்னும் இரண்டு வருஷம் பிடித்தது. இப்போது மகளோடு மயிலாடுதுறையில் இருக்கிறேன். போன மாதம் பஸ் ஸ்டாண்டில் அந்த வாத்தியார் என்னைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வந்து நின்று ஏதோ கேட்டார்.

"இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க சார். இடது காது கேக்காது."

சுற்றி வந்தார். "அடடா, எப்போலேர்ந்தும்மா?"

சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன். வாய் முந்திக்கொண்டது.

"விழா முடிஞ்சு வீட்டுக்குப் போனோம்ல சார், அன்னிலேர்ந்து."

அவர் பையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே நின்றார். பஸ் வந்தது, "வரேன் சார்" என்று ஏறிவிட்டேன். நல்ல மனுஷர். குத்தாலம் போகிறவரைக்கும் அவருக்காகத்தான் வருத்தப்பட்டுக்கொண்டு போனேன்.