காஸ்பர் ரைண்டலின் கையெழுத்து

ஹெர்மா வொண்ட்ராவுக்கு வியன்னாக்காரர்களின் முகத்தைவிடக் கோட்டுகள்தான் நன்றாகத் தெரியும். கச்சேரி மண்டபத்துக்கு வருகிறவர்களின் கோட்டையும் குடையையும் வாங்கி வைத்து, எண் வில்லை கொடுக்கும் வேலை அவளுக்கு. இருபத்தாறு வருடம். யாருடைய கோட்டில் உள்துணி கிழிந்திருக்கிறது, யார் பழைய கோட்டைத் திருப்பித் தைத்துப் போட்டு வருகிறார் என்பதெல்லாம் அத்துப்படி. ஆனால் வெளியே ஒரு வார்த்தை விடமாட்டாள்.

அவளுடைய ஆசையெல்லாம் வீட்டில் மூன்று ஆல்பங்களில் இருந்தது. பழைய பாடகர்கள், பியானோக்காரர்கள், பிடில்காரர்கள் என்று படத்தின் ஓரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்கள். முக்கால்வாசிப் பேர் மண்ணுக்குள் போயாகிவிட்டது. சனிக்கிழமைச் சந்தையில் பெட்டிகளைக் கிளறியும், இரண்டு பாடகர்களைக் கொடுத்து ஒரு பியானோக்காரரை வாங்கியும் சேர்த்த படங்கள். புருஷன் ஒருவன் இருந்தான். "இந்த வீட்ல உசுரோட இருக்கிறது நான் ஒருத்தன்தான், என்னைத்தான் யாரும் பாக்கறதில்ல" என்று சொல்லிவிட்டு லின்ஸுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அவள் பெரிதாக வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை.

எல்லாப் படமும் தேடிப் பிடித்தவை, ஒன்றைத் தவிர. 1937இல், பதினைந்து வயதில், நெஞ்சுச் சளியோடு அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிடில் மேதை காஸ்பர் ரைண்டலின் கச்சேரிக்கு அப்பா வாங்கிய டிக்கெட் வீணாய்ப் போயிற்று. அழுதுகொண்டே அவருக்கு ஒரு கடிதம் எழுதினாள். பத்தாம் நாள் அவருடைய படம் வந்தது. கீழே நீல மையில், "சின்ன ஹெர்மாவுக்கு. ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல். அடுத்த கச்சேரிக்கு வந்துவிடு. காஸ்பர் ரைண்டல்" என்று இருந்தது. பக்கத்தில், அவர் வழக்கப்படி, நாலு ஸ்வரக் குறிகள், ஒவ்வொன்றும் ஒரு புள்ளியும் ஒரு வாலுமாக. அவள் நர்ஸோடு மல்லுக்கட்டி ஜன்னலைத் திறக்க வைத்தாள். பிழைத்தாள். அந்த மனிதர்தான் தன்னை எழுப்பி உட்கார வைத்தார் என்று அன்றிலிருந்து நம்பினாள்.

இப்போது, 1973 இலையுதிர்காலத்தில், மண்டபத்தின் முகப்பில் பழைய கலைஞர்களின் படங்களை மாட்டப்போகிறார்கள். நடுவில் ரைண்டல், அடியில் "ஹெர்மா வொண்ட்ராவின் சேகரிப்பு" என்று அட்டை. ஆயுசில் பாதியைக் கோட்டுகளுக்குப் பின்னால் நின்று கழித்தவளுக்கு அது சின்ன விஷயமில்லை. படங்கள் அசல்தானா என்று பார்க்கும் பொறுப்பு ஸெலின்காவுக்கு. ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. செவ்வாய்க்கிழமைதோறும் காபிக் கடையில் கூடும் சேகரிப்பாளர்களுக்கு அவர் வைத்ததுதான் சட்டம். அந்தச் செவ்வாய் ஹெர்மா மேசையில் வைத்த ரைண்டல் படத்தின் மேல் பூதக்கண்ணாடியைப் பிடித்தார்.

"வால் தப்பு" என்றார்.

"என்ன வாலுங்க ஐயா?"

"ஸ்வரத்தோட வால். மேல இருக்கிற ஸ்வரத்துக்கு வால் இடப்பக்கமா தொங்கணும். இதுல நாலும் வலப்பக்கம் தொங்குது. ஆனா ஆவன்னா படிச்ச பயகூட இப்படிப் போடமாட்டான். இது பொண்டாட்டி கையெழுத்து, புருஷனுக்குப் பதிலா வீட்டுக்காரி போடறது."

மேசையைச் சுற்றி ஒரு சிரிப்பு எழுந்தது.

"எனக்குன்னே எழுதினதுங்க."

"எழுதினது யாருங்கறதுதானே கேள்வி. கோட்டு மாட்டறவங்களுக்கு இதெல்லாம் தெரியணும்னு யாரும் சொல்லல. அடுத்த வாரம் வெள்ளிக்குள்ள அசல்னு காட்டுங்க, மாட்டிடலாம்."

அந்த வாரம் அவளுக்கு மனசே சரியில்லை. இரண்டு பேருக்குக் கோட்டை மாற்றிக் கொடுத்துவிட்டாள். ரைண்டல் எழுதவில்லை என்றால், அன்றைக்குத் தன்னை எழுப்பியது யார்?

ரைண்டல் போய்ச் சேர்ந்து பத்து வருடம். வியன்னாவில் புருஷனின் பட்டம் பெண்டாட்டிக்கும் சேரும், புருஷன் போன பிறகும் போகாது. அவர் ப்ரொஃபெசர், அதனால் அவருடைய விதவை ஊருக்கெல்லாம் ப்ரொஃபெசரம்மா. ஞாயிறு காலைக் கச்சேரிக்கு வருவாள். புது இசை பிடிக்காமல் இடைவேளையோடு கிளம்பிவிடுவாள். அந்த ஞாயிறும் கிளம்பி வந்து வில்லையை நீட்டினாள். ஹெர்மா கோட்டை எடுக்காமல் படத்தை எடுத்து வைத்தாள்.

"ப்ரொஃபெசரம்மா, ஒண்ணு கேக்கணும். தப்பா நினைக்காதீங்க."

கிழவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"வாலைத் தப்பாப் போட்டிருக்கேன். அவரும் எத்தனையோ தடவை சொன்னாரு. என் மண்டையில ஏறல."

"அப்ப நீங்க போட்டதா?"

"அவரு கடுதாசியே பிரிக்கமாட்டாரும்மா. பிரிச்சா வாசிப்பு கெட்டுடுமாம். நான்தான் சமையலறையில உக்காந்து போடுவேன். உன் படத்தைக் கெடுத்துட்டேன் போல, மன்னிச்சுக்க."

"ஜன்னலைத் திறக்கச் சொன்னது?"

"அவரா? காத்து பட்டா பிடில் சுருதி இறங்கிடும்னு வீட்ல ஒரு ஜன்னலைக்கூடத் திறக்க விட்டதில்ல. என் தங்கச்சியும் இதே சளியில கிடந்தா. டாக்டர் அவளுக்குச் சொன்னதை எழுதினேன்." கொஞ்சம் யோசித்தாள். "திறந்தாங்களா?"

"திறந்தாங்க."

"அப்ப சரி."

ஹெர்மாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. முப்பத்தாறு வருடமாகத் தப்பான விலாசத்துக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். சரியான விலாசமோ வாராவாரம் எதிரே வந்து நின்றிருக்கிறது. கறுப்புக் கோட்டு, மூன்றாவது பொத்தான் வேறு நிறம் என்பதற்கு மேல் அவள் கவனித்ததில்லை. கோபம் போய் வெட்கமாக இருந்தது. பேனாவை நீட்டினாள்.

"உங்க பேரைப் போட்டுக் குடுங்க."

"என் பேரையா? அதை யாரு கேப்பா?"

"நான் கேக்கறேன்."

கிழவி படத்தின் மேல் குனிந்தாள். பேனா தானாக ஓடியது. 'காஸ்பர் ரை' என்று போட்டுவிட்டுத் திடுக்கிட்டு நிறுத்தினாள். "பாத்தியா, கை அது பாட்டுக்கு அங்கதான் போகுது" என்று சிரித்தாள். ஹெர்மாவும் சிரித்தாள். கிழவி அதை அடித்துவிட்டு, ஒவ்வோர் எழுத்தாக யோசித்து 'ஒட்டிலீ' என்று எழுதினாள்.

வெள்ளிக்கிழமை ஸெலின்கா அடித்தலைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "அசல்தானுங்க ஐயா, ஆள்தான் வேற" என்றாள் ஹெர்மா. இதையெல்லாம் மாட்ட முடியாது என்றார் அவர். நடுவிடத்தில் வேறொரு சேகரிப்பாளரின் ரைண்டல் படம் தொங்கியது, வாலெல்லாம் இடப்பக்கமாக. ஹெர்மாவுக்குக் கொஞ்சம் வலித்தது.

அடுத்த ஞாயிறு கோட்டு வரிசை வாசல்வரை நின்றது. கிழவியின் முறை வந்தது.

"வாங்க ஒட்டிலீம்மா" என்றாள் ஹெர்மா.

பட்டம் எங்கே போயிற்று என்று வரிசையே எட்டிப் பார்த்தது. கிழவி ஒரு கையைக் கோட்டிலிருந்து உருவியவள், மற்றதை உருவ மறந்து அப்படியே நின்றாள்.