நான் கிழித்த பக்கம்

பிள்ளைகளே, உங்கள் அக்காவுக்கு நான் செய்த தவற்றை எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் படிப்புக்காக பயிற்சி வகுப்பில் நடந்ததை அவள் எழுதிவைக்கும் ஜர்னல் நோட்டை, அவள் விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தபோது படித்தேன். 'வகுப்பில் பாடம் நடத்தத் தெரியாமல் அழுதுவிட்டேன்' என்று ஒரு பக்கம் இருந்தது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் முன் முற்றின இலையைப் பொறுக்கி எறிவோமே, அப்படி நினைத்து அதைக் கிழித்து எரித்துவிட்டேன்.

அவள் தேடியபோது, "நான்தான் கிழிச்சேன். மார்க் போடுறவங்க பார்த்தா சிரிப்பாங்க லா, ம்மா" என்றேன்.

"ஐயோ அப்பா! அந்தப் பக்கத்துக்குத்தான் மார்க்கே. எங்க தப்பு பண்ணேன், எப்படித் திருந்துனேன்னு பார்ப்பாங்க."

மறுபடி உட்கார்ந்து எழுதினாள். "அன்னைக்கு எழுதுன மாதிரி வரலப்பா" என்றாள்.

தப்பை மறைப்பதுதான் மானம் என்று உங்களுக்கும் சொல்லித்தானே வளர்த்தேன்.

அவள் பஸ் ஏறிய பிறகு ரிங்லெட் டவுன் கடையில் எனக்கென்று ஒரு நோட்டு வாங்கினேன். மலையில் தனியாக உட்கார்ந்து, 'என் மகள் எழுதியதை நான் கிழித்தேன்' என்று முதல் வரி எழுதினேன்.