பாதித் தொட்டி

எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் மட்டும் கோட்டை விட்டுவிட்டு, கல்யாணமாகி ஆவடிக்கு வந்தவள் நான். அறுபதுகளின் கடைசி. கணவருக்குத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் குடித்தனம். கணக்கை மறுபடி எழுதித் தேறினால் ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போடலாம். எனக்கு அந்த ஆசை வெறியாகவே இருந்தது.

கூட்டல், கழித்தலில் எனக்குத் தகராறு கிடையாது. கணக்கைக் கதையாகச் சொன்னால்தான் வம்பு. பத்துப் பேர் சேர்ந்து சுவர் கட்டினார்கள் என்றால், யார் வீட்டுச் சுவர் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவேன்.

எங்கள் வரிசை வீடுகளுக்கு ஒரே பொதுக்குழாய். காலையில் இரண்டு மணி நேரம்தான் தண்ணீர் வரும். குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் புத்தகத்தைப் பிரிப்பேன். எனக்கு முன் குடம் பக்கத்து வீட்டு அக்காவுடையது. அவர் இந்தப் பக்கத்துக்காரர். வாயை மூடிக்கொண்டு நிற்க அவருக்கு வராது.

"இன்னா போட்டுகினு கீறே? எனக்கும் சொல்லேன்."

"ஒரு தொட்டிக்கா. ஒரு குழாய் தனியா ஆறு மணி நேரத்துல ரொப்பும். இன்னொண்ணு பன்னிரண்டு மணி நேரத்துல. ரெண்டையும் சேர்த்துத் திறந்தா எப்ப ரொம்பும்?"

"எப்போ ரொம்பும்?"

கேட்டால் சொல்லித்தானே ஆகவேண்டும். "ஒரு மணி நேரத்துல முதல் குழாய் ஆறுல ஒரு பங்கு ரொப்பும். அடுத்தது பன்னிரண்டுல ஒரு பங்கு. ரெண்டும் சேர்ந்தா கால் தொட்டி. அப்ப முழுசா ரொம்ப நாலு மணி நேரம்."

"நாலு மணி நேரம் எவன் தண்ணி வுடறான்?"

"கணக்குல தண்ணி நிக்காதுக்கா."

"அப்போ அந்த ஊருக்கே குடி பூடலாம்" என்றார். வரிசையே சிரித்தது.

இப்படித் தினமும் ஒரு கணக்கு. அவருக்குச் சொல்லிச் சொல்லியே எனக்குப் படிகள் பிடிபட்டன.

பரீட்சை பூந்தமல்லியில். கேள்வித்தாளில் தொட்டிக் கணக்கைப் பார்த்ததும் குஷியாகிவிட்டது. எண்கள்தான் வேறு; ஒன்று ஐந்து மணி நேரம், இன்னொன்று இருபது. படிப்படியாகப் போட்டு, ஒரு மணி நேரத்தில் கால் தொட்டி என்பதுவரை அழகாக எழுதினேன். திரும்பி வரும் பஸ்ஸில், சாலையோரக் குழாயடியில் குடங்களைப் பார்த்தபோதுதான் கடைசி வரியில் என்ன எழுதினேன் என்பது உறைத்தது. 'தண்ணீர் இரண்டு மணி நேரத்தில் நின்றுவிடும் என்பதால், பாதித் தொட்டி நிரம்பும்.' போச்சு, பயிற்சியும் போச்சு, எல்லாம் போச்சு என்று வழியெல்லாம் அழுகையை அடக்கிக்கொண்டு வந்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் அக்கா சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "உள்ளதத்தானே எய்தினே?" என்றார்.

பேப்பரில் ரிசல்ட் வந்த அன்று என் நம்பரை நானும் கணவரும் மாறி மாறிப் படித்துப் பார்த்தோம். இருந்தது. குழாயடிக்கு ஓடினேன்.

"பாஸ் பண்ணிட்டேன்க்கா."

"அந்தப் பாதித் தொட்டிக்கு மார்க் குட்த்தாங்களா?"

"அது தெரியாதுக்கா."

"குட்த்துருப்பாங்க" என்றார், தன் குடத்தை நகர்த்தி என்னுடையதை முதலில் வைத்தபடி. "பேப்பர் திருத்தனவரு ஊட்லயும் ரெண்டு மணி நேரந்தான் தண்ணி வருது போல."