நீலமாக இறங்கிச் சிவப்பாகக் கரையேறிய யானை

வில்லியனூரில் பழைய பேப்பர் கடை ஒன்றில் மூட்டையைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் லூர்து அக்காவின் தம்பி பீட்டர் போனில் கூப்பிட்டார். "அக்கா காலையில தவறிட்டாங்கண்ணே. தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றார். அப்போது என் மடியில், முன் அட்டை போன குழந்தைப் புத்தகம் ஒன்று கிடந்தது. குடை பிடித்துப் போகும் நாய்க்குட்டியின் படம். அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய அச்சு. போனை வைத்ததும், இது கிடைத்ததை லூர்து அக்காவிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. அதன் பிறகே சேதி மனதில் ஏறியது. கடைக்காரர் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

லூர்துமேரி அக்காவை, பாகூர் பக்கத்துக் கிராமங்களில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்ட நர்சாகத்தான் உங்களில் பலர் அறிவீர்கள். பழைய படப் புத்தகம் சேர்ப்பவராக அறிந்தவர்கள், என்னைப் போலச் சிலர். இரண்டுக்கும் ஒரே வேர். அவர் தெருமுனை திரும்பினாலே பிள்ளைகள் ஓடிப்போய்க் கட்டிலுக்கடியில் பதுங்குவார்கள். அவர்களை வெளியே வரவழைக்க, சிறுவயதில் தன் அப்பா வாங்கிக்கொடுத்த படப் புத்தகம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போக ஆரம்பித்தார். மரத்தில் குரங்கு எங்கே ஒளிந்திருக்கிறது என்று பிள்ளை தேடி முடிப்பதற்குள் ஊசி போட்டாகிவிடும். தெருத்தெருவாகப் போன அந்தப் புத்தகம் ஒருநாள் நார்நாராகிவிட்டது. அதற்கு இன்னொரு பிரதி தேடிக் கிளம்பியவர்தான் வழியில் அகப்பட்டதையெல்லாம் சேர்த்தார். தேடிய அந்த ஒன்று மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.

நான் திருபுவனையில் ஒரு தொழிற்சாலையில் சரக்கின் தரம் பார்ப்பவன். கீறல் இருந்தால் ஒதுக்குவது என் வேலை, குணமும் அதுதான். என் புத்தகங்கள் பிளாஸ்டிக் உறைக்குள், பீரோவுக்குள் இருக்கும். அக்காவின் புத்தகங்களோ கிருமாம்பாக்கத்து வீட்டின் முன்னறையில், பாயின் மேல் பரந்து கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் வந்ததும் தெருப்பிள்ளைகள் உள்ளே நுழைந்துவிடுவார்கள். ஒருத்தி அணிலுக்குக் கிரேயானால் மீசை வரைந்துவிட்டாள். அக்காவிடம் முறையிட்டேன்.

"அந்தக் காலத்துப் புஸ்தகம்கா. இன்னொண்ணு கெடைக்காது."

"கெடைக்காட்டி போவுது. கையக் கழுவச் சொல்லு, கையக் கட்டச் சொல்லாத."

இதே சண்டையை நாங்கள் வருடக்கணக்காகப் போட்டோம். இப்போதும் சொல்கிறேன், கிரேயான் விஷயத்தில் அவர் செய்தது தப்புதான்.

எங்களைப் போலச் சேர்ப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரே புத்தகத்தின் குறைப்பிரதிகள் இரண்டு கிடைத்தால், இதிலிருந்து பாதி அதிலிருந்து பாதி எடுத்து முழுசாக்கிவிடுவோம். அப்படிச் சேர்த்த ஒன்று, யானை ஆற்றில் குளிக்கப் போகிற கதை. அவரிடம் இருந்ததில் பின்பாதியைக் கரையான் தின்றிருந்தது, என்னுடையதில் முன்பாதி இல்லை. இரண்டிலும் அட்டை இல்லாததால் பெயர்கூடத் தெரியாது. நான் பக்கங்களைப் பிரித்துக் கொடுக்க, காயத்துக்குத் தையல் போடும் நிதானத்தோடு அவர் தைத்தார். முடித்துப் புரட்டிய பிறகுதான் கண்ணில் பட்டது. ஆற்றில் நீலமாக இறங்கிய யானை சிவப்பாகக் கரையேறியது. இரண்டும் வெவ்வேறு பதிப்பு; மறு அச்சின்போது அச்சகத்தில் எந்த மை இருந்ததோ அதைப் போட்டிருக்கிறார்கள். நாங்களோ படங்களைப் பார்க்காமல் பக்க எண்ணை மட்டும் பார்த்துக் கோத்துவிட்டோம். இரண்டு பிரதியும் வீணாய்ப் போனதே என்று நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இன்னாப்பா இப்போ? இந்த ஆனை உலகத்துலயே நம்மகிட்ட மட்டும்தான் கீது" என்றார். ஏன் நிறம் மாறியது என்று பிள்ளைகள் கேட்டால் அவர் பதில் சொன்னதே இல்லை. "நீ சொல்லு" என்பார், அவ்வளவுதான்.

ஒரு மழைக்காலத்தில் ஏரி நிரம்பி அவர் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் வந்தது. பதறிப்போய் மறுநாள் ஓடினேன். அறை காலியாக இருந்தது. அதற்குள் நனைந்த புத்தகங்களைத் தெருவில் வீட்டுக்குக் கொஞ்சமாகக் கொடுத்துவிட்டிருந்தார். "ஈரம்தானே, காயும். ஃபேன் இருக்கிற வூட்ல எல்லாம் குடுத்துட்டேன்" என்றார். எதுவும் திரும்பி வராது என்றேன். எல்லாமே வந்தன. அதோடு, நாங்கள் அதுவரை பார்த்திராத பழைய படப் புத்தகங்களும் சில வந்தன. பெட்டியடியில் கிடந்ததென்று அந்த வீட்டுக்காரர்களே சேர்த்துக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். அன்று அக்கா என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

முப்பதாம் நாள் பூசைக்குக்கூடக் காத்திராமல் சென்னையிலிருந்து ஒரு வியாபாரி வந்துவிட்டார். கிறுக்கல் இல்லாதவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், மற்றதை எடைக்குப் போட்டுவிடலாம் என்றார். யானைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு எடைக்குப் போகிற பக்கம் தள்ளினார். நான் தினம் பத்து தடவை செய்கிற அதே கையசைவு. பார்க்கச் சகிக்கவில்லை. புத்தகத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

இப்போது வீட்டுக்குப் பீட்டர்தான் பொறுப்பு. விற்பதற்காக அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். வேண்டாம், அறை பிள்ளைகளுக்குத் திறந்தே இருக்கட்டும் என்றேன். "வாராவாரம் யாருண்ணே வந்து தொறப்பாங்க? எனக்குச் சேதராப்பட்டுல ஷிப்டு" என்றார்.

"நான் வர்றேன்."

"நீங்களா? புள்ளைங்க கிழிக்குங்கண்ணே."

"கிழிக்கட்டும், தைக்கலாம்."

வியாபாரி வெறுங்கையோடு போனார்.

சென்ற ஞாயிறு கடலூர் பஸ்ஸில் போய் இறங்கி அறையைத் திறந்தேன். வாசலில் ஒரு பக்கெட் தண்ணீர், சோப்பு, துண்டு. பிள்ளைகளிடமிருந்த கிரேயானை வாங்கி ஜன்னல் மேல் வைத்துவிட்டேன்; அதில் என்னை மாற்ற முடியாது. குடை பிடித்த நாய்க்குட்டியையும் பாயில் போட்டேன், உறையில்லாமல். ஒரு சிறுமி யானைப் புத்தகத்தை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மாமா, நீல ஆனை ஏன் செவப்பாச்சி?"

மறு அச்சு, மை, அச்சகம் எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. அக்காவிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது இரண்டே சொல். அதைச் சொன்னேன்.

"நீ சொல்லு."

அவள் நீல யானை இறங்கிய பக்கத்துக்குத் திரும்பிப் போய், ஆற்றின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"செவப்பாவல மாமா. அது வேற ஆனை. நீல ஆனை இன்னும் தண்ணிலதான் கீது, குளிச்சி முடிக்கல."